எட்டுக்கு ஒருவர்

"தாராளமா போன் போட்டுப் பாருங்க மேடம். நாப்பது நம்பரும் நானே எழுதினது," என்றான் மைத்துனன்.

செயலாளர் மேஜைக்கு அடியில் அவன் காலை மிதித்தார்.

அவர் நடத்தும் சிறிய தொண்டு அமைப்பின் தையல் பயிற்சிக்கு வெளிநாட்டு அறக்கட்டளை ஒன்று பணம் தருகிறது. விண்ணப்பம் எழுதியது செயலாளர். பயிற்சி பெறுவோர் பட்டியலை நிரப்பியது, போன மாதம் வேலைக்குச் சேர்ந்த மனைவியின் தம்பி. எதிரே உட்கார்ந்திருப்பவள் அறக்கட்டளையின் மானிய அதிகாரி. சொல்லாமல் வந்திருந்தாள்.

"போன் எதுக்கு மேடம்? வண்டி இருக்கு. நாளைக்கு நாலு பேர நேர்லயே போய்ப் பாத்துரலாம்," என்றார் செயலாளர்.

"நேர்ல போனா, நீங்க காட்டுற வீட்டுக்குத்தானே சார் நான் போக முடியும்?" அதிகாரி பென்சிலைச் சீவினாள். தன் வேலையை விளக்குவதில் அவளுக்கு அலுப்பே வராது. "முதல் பத்துப் பேர மட்டும் வரிசையா கூப்பிட மாட்டோம். முதல் பக்கத்த எல்லாரும் நல்லா தயார் பண்ணி வச்சிருப்பாங்க. அதனால எட்டுக்கு ஒருத்தர். எந்த எண்ல தொடங்கறதுன்னு நீங்க சொல்லணும். அப்பதான் நான் வேணும்னே பொறுக்கினேன்னு பேச்சு வராது."

"அஞ்சு," என்று முந்திக்கொண்டான் மைத்துனன்.

"அஞ்சு, பதிமூணு, இருபத்தொண்ணு, இருபத்தொம்பது, முப்பத்தேழு." பெயர்களின் அருகே சின்னக் கோடுகள் போட்டாள். "இதுல ஒண்ணு பொய்னாலும் அடுத்த தவணை வராது. இதுவரைக்கும் வாங்கினதையும் திருப்பிக் கட்டணும்."

செயலாளர் எழுந்துபோய் மின்விசிறியை முழு வேகத்தில் வைத்தார். மைத்துனன் பின்னாலேயே வந்து காதைக் கடித்தான். "ஏன் மாமா பதறுறீங்க? எல்லாம் நமக்குத் தெரிஞ்ச பொண்ணுங்க. என்ன கேட்டா என்ன சொல்லணும்னு பாடம் எடுத்து வச்சிருக்கேன்."

"வாய மூடு மாப்ளே," என்றார் அவர்.

முதல் அழைப்பு. இரண்டாவது மணியிலேயே எடுத்தார்கள். அதிகாரி ஒலிபெருக்கியை அழுத்தினாள்.

"ஆமாங்க, நான்தான். வகுப்புக்கு தினமும் போறேங்க. பத்து மணிக்கு ஆரம்பிக்கும்."

"தப்பா நினைக்காதீங்க. பட்டியல்ல இருக்கற நீங்களேதானே பேசறது? அம்மா, அக்கா யாரும் இல்லையே?"

"நானேதாங்க."

அதிகாரி எழுதிக்கொண்டாள். "வீட்டுல வேற யாராவது எடுத்தா அவங்க பேரு, உறவு எல்லாம் எழுதணும் சார். அதுக்குத் தனிக் கட்டமே இருக்கு."

"வேற யாரும் எடுக்க மாட்டாங்க மேடம். அப்படிச் சொல்லித்தான் வச்சிருக்கோம்," என்றான் மைத்துனன் பெருமையாக.

செயலாளர் தண்ணீர் குடித்தார். பாதி சட்டையில் போயிற்று.

பதிமூன்றாம் எண் பெண் மூச்சு விடாமல் பேசினாள். இருபத்தொன்று, ஆசிரியையின் பெயரைக்கூடச் சரியாகச் சொன்னாள்.

"போதும் மேடம், மணி ஒண்ணாச்சு. மிச்சத்த சாப்பிட்டு வந்து பாத்துக்கலாம்," என்றார் செயலாளர்.

"ரெண்டே ரெண்டு மாமா, முடிச்சிரட்டும்," என்று மைத்துனனே எண்ணை வாசித்துக் கொடுத்தான்.

"வகுப்புல உங்களுக்குப் பிடிச்சது என்னங்க?" என்று கேட்டாள் அதிகாரி.

"டீச்சர் ரேடியோ போடுவாங்க. பாட்டக் கேட்டுக்கிட்டே தைக்கறது தனி சுகம்ங்க," என்றது இருபத்தொன்பதாம் எண்.

செயலாளர் கண்ணை மூடிக்கொண்டார். அதை நிம்மதி என்று நினைத்த மைத்துனன், அவர் முதுகில் தட்டினான்.

முப்பத்தேழாம் எண்ணும் தடுமாறவில்லை. அதிகாரி பென்சிலைப் பையில் போட்டாள்.

"எட்டு வருஷமா இந்த வேலையில இருக்கேன். அஞ்சு பேரும் இவ்வளவு தெளிவா பதில் சொன்னது இதுதான் முதல் தடவ."

"அப்ப அடுத்த தவணை எப்ப மேடம் வரும்?" மைத்துனன் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டான்.

"விடுறா," என்றார் செயலாளர் ஈனக்குரலில்.

அதிகாரி கோப்பின் முதல் பக்கத்தை மைத்துனன் பக்கம் திருப்பி வைத்தாள். "இத நீங்க பாத்திருக்க மாட்டீங்கன்னு நினைக்கறேன் தம்பி. திட்டத்தோட பேரக் கொஞ்சம் படிங்க."

அவன் குனிந்து, விரல் வைத்துப் படித்தான்: "பிறவியிலேயே காது கேளாத பெண்களுக்கான தையல் பயிற்சி."