ஆந்தையின் முன்னுரை

தோப்புக் குருவிகளின் குஞ்சுகள் வளர்ந்ததும் எங்கே போய்க் குடியேறுகின்றன என்று ஓர் ஆந்தை பல வருஷம் ஆராய்ந்தது. ஆந்தைகள் எல்லாம் பாராட்டின. ஒரு குருவியாவது வந்து கேட்காதா என்று அது ஏங்கிக் கிடந்தது.

ஒருநாள் பொழுது சாயும்போது ஒரு தாய்க்குருவி வந்தது. "அய்யா, என் பிள்ளைங்க எந்தப் பக்கம் போச்சுங்க? விடிஞ்சதும் தேடிப் போகணும்."

ஆந்தை நிமிர்ந்து உட்கார்ந்தது. "சொல்றேம்மா. அதுக்கு முன்னாடி, மத்த ஆந்தைங்க இதைப் பத்தி என்ன சொல்லியிருக்காங்கன்னு பார்த்திடுவோம்" என்று கண்ணை மூடிக்கொண்டு தொடங்கியது.

"ஆகவே, வடக்கே ஏரிக்கரைக்கு" என்று அது முடித்தபோது குருவி எப்போதோ தூங்கிப் போயிருந்தது.

விடிந்தது. ஆந்தை அயர்ந்து தூங்கியது. குருவி கூப்பிட்டுப் பார்த்தது; கொஞ்சநேரம் காத்திருந்தது. பிறகு தெற்கே பறந்தது.