வெயிலில் கூடிய வேகம்

பலகையில் வந்த நேரத்தை அவள் நம்பவில்லை.

கைதட்டினார்கள். யாரோ விசிலடித்தார்கள். கைவிடப்பட்ட விமான ஓடுபாதையின் அந்தக் கோடியில் அவள் தம்பி நவநீதன் வண்டியைத் திருப்பிக்கொண்டிருந்தான். கானலில் வண்டியோடு அவனும் நெளிந்தான்.

கால் மைல் தூரம். போன பந்தயத்தைவிட நேரம் குறைந்திருந்தது. கண் சிமிட்டும் அளவுதான். அந்தச் சிமிட்டலுக்காகத்தான் அவள் வருடக்கணக்கில் இன்ஜினைப் பிரித்துப் பிரித்து மாட்டியிருக்கிறாள்.

ஆனால் இன்று குறைந்திருக்கக் கூடாது.

ஐப்பசியில் தோற்ற பிறகு அவள் அந்த இன்ஜினைத் தொடவே இல்லை. ஆயில் மட்டும் மாற்றியிருந்தாள். போதாததற்குப் பங்குனி வெயில். வெயிலில் காற்று மெலியும். மெலிந்த காற்றில் பெட்ரோல் முழுதாக எரியாது. இன்ஜின் சோர்ந்துதான் ஓடும்.

வண்டி வந்து நின்றது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தாள்.

கரி படிந்திருந்தது.

அவள் நினைத்தது சரிதான். இன்ஜின் சோர்ந்துதான் ஓடியிருக்கிறது.

பிறகு எப்படி?

டயரில் காற்று பார்த்தாள். செயினை இழுத்துப் பார்த்தாள். எல்லாம் அவள் வைத்தது வைத்தபடி.

"என்னக்கா, ஓடற வண்டியில குத்தம் தேடற?"

ஹெல்மெட்டுக்குள்ளிருந்து சிரித்தான். ஓசூரில் அவனுக்கு வேலை. பஸ் தாமதம் என்று காலையில் கோட்டும் ஹெல்மெட்டுமாகவே வந்து வண்டியில் ஏறியிருந்தான். இந்த வெயிலிலும் தோல் கோட்டின் ஜிப்பை அவன் இறக்கவில்லை.

"எறங்கி, மறுக்கா ஏறி உக்காரு."

இறங்கினான். ஏறி உட்கார்ந்தான்.

பின்பக்க ஸ்பிரிங் எவ்வளவு அமுங்கும் என்று அவளுக்குத் தெரியும். அவன் எடைக்கென்றே தேடிப் பிடித்துப் போட்ட ஸ்பிரிங்.

அது பாதியிலேயே நின்றுவிட்டது.

குந்தியிருந்தவள் எழவில்லை.

எடையைக் கழிப்பது அவள் வேலையில் பாதி. பக்க மூடிகளைக் கழற்றி எறிந்திருக்கிறாள். தகடுகளில் துளை போட்டிருக்கிறாள். சீட்டின் பஞ்சைப் பிய்த்திருக்கிறாள். இதற்குமேல் வண்டியில் கழிக்க ஒன்றுமில்லை என்றானபோது, ஐப்பசியில், எல்லோர் முன்னாலும் சொன்னாள்: "இனி நீதான்டா கொறையோணும்."

"என்னடா இப்படி எளச்சுட்டே?"

"புரோட்டாவ உட்டுட்டேன்க்கா. நீதான சொன்னே."

அவள் எழுந்து ஜிப்பை இறக்கினாள். தடுத்தான். அந்தக் கையில் பலமில்லை.

உள்ளே பனியன் வேறு யாருடையதோ போலத் தொங்கியது. கழுத்துக்குக் கீழே இரண்டு குழிகள். தண்ணீர் ஊற்றினால் நிற்கும்.

பொங்கலுக்கு அவன் ஊருக்கு வரவில்லை. லீவு இல்லை என்றான். போனில் குரல் நன்றாகத்தான் இருந்தது.

"ஆஸ்பத்திரிக்குப் போனியா?"

"போனேன்."

"என்ன சொன்னாங்க?"

பக்கத்தில் ஒரு வண்டி உறுமியது. அது அடங்கும்வரை காத்திருந்தான்.

"வயித்துல கட்டியாமா. வர்ற வாரம் மருந்து ஏத்த ஆரம்பிக்கறாங்க. முடியெல்லாம் கொட்டிருமாமா." ஜிப்பை மேலே இழுத்துவிட்டான். "அம்மாகிட்ட நீயே சொல்லிரு. எனக்கு வாய் வரல."

அவள் சாவியை 'ஆஃப்' பக்கம் திருப்பினாள்.

"எறங்கு. ஊட்டுக்குப் போலாம்."

"ஃபைனல் இருக்குக்கா."

"எறங்குடா."

அவன் இறங்கவில்லை. கைப்பிடியைப் பற்றியபடி ஓடுபாதையைப் பார்த்தான்.

"இப்பத்தான்க்கா இது இவ்வளவு ஓடுது."



பெட்டியிலிருந்து, பெட்ரோல் போகும் துளை சிறுத்த ஜெட் ஒன்றை எடுத்தாள். கார்புரேட்டரைத் திறந்தாள். மெலிந்த காற்றுக்குப் பெட்ரோலும் குறைவாகப் போக வேண்டும். அவ்வளவுதான் வேலை.

கெடுத்துவிடலாம் என்று தோன்றியது. ஒரு திருகு போதும். பாதி வழியில் இன்ஜின் அடங்கும். தோற்று வீட்டுக்கு வருவான். யாருக்கும் தெரியாது.

விரல்கள் திருகின் மேலேயே இருந்தன. கீறிய இடத்தில் பெட்ரோல் பட்டு எரிந்தது.

சரியான இடத்தில் நிறுத்தினாள்.

ஹெல்மெட்டின் வாரை அவளே மாட்டிவிட்டாள். மோவாய் கையில் குத்தியது.

எதிராளி சேலத்துக்காரன். இரண்டு வருடமாக யாரிடமும் தோற்காதவன்.

பச்சை விளக்கு.

சத்தத்தை மட்டும் கேட்டாள். எங்கும் பிசிறில்லை. ஒவ்வொரு கியரும் வழுக்கி ஏறியது. இத்தனை வருடத்தில் அந்த இன்ஜின் அவளுக்கு இப்படிப் பாடியதில்லை.

பலகையை அவள் பார்க்கவில்லை. சுற்றிலும் எழுந்த கூச்சலே சொல்லிவிட்டது.

எல்லோரும் ஓடினார்கள். சேலத்து ஆட்கள்கூட ஓடினார்கள். அவள் மட்டும் நடந்து போனாள்.

வண்டியைச் சுற்றிக் கூட்டம். தடித்த உடம்புக்காரர்கள் இருவர் குனிந்து, அவன் தொடைகளுக்குக் கீழே கை கொடுத்து, மூச்சைப் பிடித்து, முழு பலத்தோடு தூக்கினார்கள்.

அவன் விருட்டென்று மேலே போனான். பின்னால் கவிழப் பார்த்தான்.

"என்றா மாப்ளே, பஞ்சாட்டம் வர்ற!"

எல்லோரும் சிரித்தார்கள். மேலேயிருந்து அவனும் சிரித்தான். இரண்டு கைகளையும் விரித்து வெயிலில் உயர்த்தினான்.

தூக்கியவர்களில் ஒருவன் பிடியை மாற்றினான். தொடையைப் பற்றிய விரல்கள் சுற்றிவந்து ஒன்றையொன்று தொட்டன.

தூக்கியவன் சிரிப்பு நின்றது. கூட்டத்தில் அவளைத் தேடினான். கண்டான்.

"வடிவக்கா..."

இன்னொருவனிடம் கண்ணால் ஏதோ சொன்னான். இருவரும் நவநீதனை மெதுவாக இறக்கினார்கள்.

கால் தரையில் பட்ட பிறகும் கையை எடுக்கவில்லை.