எட்டாவது லைட்

"லைட்டு மாட்டுறேன்னு வந்து வீட்டையே கொளுத்தப் பாத்திருக்கியே, நீயெல்லாம் ஒரு எலக்ட்ரீஷியனா?"

அஜ்மான் நகரத்துத் தன் வீட்டு ஹாலில் காதர் மைதீன் போட்ட சத்தத்தில், பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்த சம்பந்தி மூசா மெல்லுவதை நிறுத்திவிட்டார்.

காதர் மைதீனின் மகள் அஃப்னாவின் கல்யாணத்துக்குத் தேதி குறிக்க மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்த வெள்ளிக்கிழமை மதியம். அந்த நேரம் பார்த்துக் கூரையில் எட்டாவது லைட் மினுக்கி மினுக்கி அணைந்து, கருகல் வாடையும் கிளம்பியிருந்தது. போன மாதம் பன்னிரண்டு லைட்டையும் பதித்தவன் அன்பரசன். போன் போனதும் லீவு நாளென்றும் பார்க்காமல் ஓடி வந்து, மெயினை அணைத்துவிட்டு ஏணியில் ஏறியிருந்தான்.

"என்னதான் கோளாறு?" என்றார் மூசா.

அன்பரசன் கூரைக்குள்ளிருந்து தலையை வெளியே எடுத்தான். முடியெல்லாம் பஞ்சுத் தூசி.

"வெயில் சூடு இறங்காம மேல பஞ்சு விரிச்சிருக்காங்க பாய். லைட்டோட பின்பக்கம் சூடாகும். அதுமேல இரும்பு மூடியக் கவுத்து, பஞ்சு படாம இடம் விடணும். இல்லேன்னா சூடு போக வழியில்லாம கருகிரும்."

"இவ்வளவு தெரிஞ்சவன் ஏன்யா இடம் விடல?" காதர் மைதீன் எகிறினார்.

அன்பரசன் கீழே உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை வீட்டாரைப் பார்த்தான்.

"என் தப்புதான் பாய். மன்னிச்சிருங்க."

ஒத்துக்கொண்டவனைத் திட்டுவதைப் போலச் சுலபமான காரியம் உண்டா? காதர் மைதீனுக்குத் தெம்பு கூடிவிட்டது.

"பாத்தீங்களா மச்சான், இப்ப உள்ளவங்க வேலைய!"

"கவனமே கிடையாது மச்சான்," என்று மூசாவும் உச்சுக் கொட்டினார்.

"பிள்ளதான் ஒத்துக்கிட்டானே, விடுங்களேன்," என்றார் காதர் மைதீனின் மனைவி ஹபீபுன்னிசா.

"விடுறதாவது! சூப்பர்வைசர்ட்ட சொல்லத்தான் போறேன். அடுத்த வாரம் ஊருக்குப் போறானாம்ல!"

ஊரில் அன்பரசன் மனைவி சங்கீதாவுக்கு வளைகாப்பு. ஒரு கம்ப்ளைண்ட் போனால் போதும், லீவு கலாஸ், ஊர்ப் பயணம் அவ்வளவுதான். அவன் புது லைட்டை மாட்டி, மூடியைக் கவிழ்த்து, மற்ற பதினொன்றையும் சரிபார்த்துவிட்டு, ஒரு கறுப்புக் குப்பைப் பையோடு இறங்கி வெளியே போனான்.

காதர் மைதீன் போனும் கையுமாகப் பின்னாலேயே வந்தார்.

"சூப்பர்வைசர் நம்பரச் சொல்லு."

"சொல்றேன் பாய். இதக் கொஞ்சம் பிடிங்க."

பைக்குள் ஒரு கம்பளி. புலிப் படம் போட்டது. புலியின் பாதி முகம் கருகிப் போயிருந்தது.

ஏசிக் குளிர் மேலே போய் வீணாகிறதென்று, இரண்டு வாரம் முன்பு கூரைக் கதவைத் திறந்து காதர் மைதீனே திணித்த கம்பளி அது.

"அப்ப நீ போட்ட மூடி?"

"சரியாத்தான் இருந்துச்சு. கம்பளி அதையும் சேத்து மூடிருச்சு."

"அங்கேயே சொல்ல வேண்டியதுதானே!"

"சம்பந்தி வீட்டுக்காரங்க முன்னாடி எப்படி பாய் சொல்றது? நம்பர் எழுதிக்கங்க. சைபர் அஞ்சு..."

காதர் மைதீன் போனைச் சட்டைப் பைக்குள் போட்டார். அவன் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போய், கம்பளியைச் சம்பந்தி முன்னால் விரித்தார்.

"மச்சான், இத மேல திணிச்சவன் நான். என் மானத்தக் காப்பாத்த ஏச்சு வாங்கினவரு இந்தத் தம்பி."

மூசா கருகிய புலியையே பார்த்தார். பிறகு எழுந்து, கை கழுவிவிட்டு, அன்பரசனைத் தன் பக்கத்தில் உட்கார வைத்தார்.

"நல்லாச் சாப்பிடுங்க தம்பி. சாப்பிட்டதும் நேரா ஷார்ஜா போறோம். எங்க வீட்டுல மேல மூணு கம்பளி போட்டிருக்கேன்."