பதினேழாவது கோடு

இங்க்ஜெட் பிரிண்டரின் ஹெட்டில் மைக்குப் பதிலாகக் கருப்பட்டிப் பாகு நிரப்பியிருந்தாள் ஜெபராணி. மின்சாரம் பட்டதும் உள்ளிருக்கும் படிகம் நெளிந்து, பாகைத் துளித்துளியாகத் தள்ள வேண்டும். அது சரிப்பட்டால் குழந்தைகளுக்கான மருந்தையும் பாகில் கலந்து, உண்ணக்கூடிய தாளில் அளவு பிசகாமல் அச்சிடலாம். ஏற்கெனவே இரண்டு ஹெட்டுகள் அடைத்துப் போயிருந்தன. இதுவும் அடைத்தால் ஆராய்ச்சியை நிறுத்திவிடுவதாக ஆய்வக இயக்குநர் சொல்லியிருந்தார்.

ஹெட்டின் துளைக்கு ஒன்றாக, சோதனைத் தாளில் இருபது கோடுகள் விழ வேண்டும். பத்தொன்பதுதான் விழுந்தன. பதினேழாவது கோட்டின் இடம் வெறுமையாக இருந்தது. மைக்ரோஸ்கோப்பில் பார்த்தாள், ஒரு புள்ளிகூட இல்லை. அடைப்பு என்று குறிப்பேட்டில் எழுதிவிட்டுச் சாப்பிடப் போனாள்.

திரும்பி வந்தபோது தாளெங்கும் எறும்புகள் கோடு கோடாக மொய்த்திருந்தன. எண்ணினாள். இருபது வரிசைகள் இருந்தன. மெக்கானிக் உலகநாதனைக் கூப்பிட்டுப் பதினேழாவது இடத்தைக் காட்டினாள்.

"இந்த எடத்துல ஒண்ணுமே விழலையே. அப்புறம் எதைத் திங்குது?"

"எனக்கென்ன தெரியும் மேடம். எறும்பு சும்மா வந்து நிக்காது."

எறும்புகளை ஊதி விலக்கிவிட்டு மறுபடியும் மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தாள். வெறும் வெள்ளைத் தாள்தான். வராந்தாவில் இயக்குநரின் செருப்புச் சத்தம் நெருங்கியது. அவள் தாளை வாயருகே கொண்டுபோய், நாக்கு நுனியால் பதினேழாவது இடத்தைத் தொட்டாள்.

"இனிக்குதா மேடம்?"

சற்றுமுன் தின்ற வாழைப்பழத்தின் இனிப்பு அவள் வாயைவிட்டு இன்னும் போகவில்லை.