காப்பி குடிக்காத விருந்தாளி

“என் நாற்காலிக்கு முன்னால யாருக்குடி காப்பி வெச்சிருக்கே?” தணிகை போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு ஜன்னல் தானாகத் திறந்துகொண்டது.

“பயத்துக்கு,” என்றாள் மனைவி வளர்மதி. “அது வந்தா விரட்டாதே, பக்கத்துல உட்கார இடம் கொடுன்னு மனநல டாக்டரம்மா சொன்னாங்க. வீட்டுக்கு வந்தவங்களை வெறும் வாயோடயா உட்கார வைக்கிறது?”

பாவம், வைத்தியத்தோடு விருந்தோம்பலையும் கலந்துவிட்டாள். ஆனால் கல்யாணமான நாளிலிருந்து அவன் குரலுக்கு நடுங்கிய கை பத்து நாளாக நடுங்கவில்லை. வேலைக்குப் போகிறேன் என்றுகூடச் சொல்லிவிட்டாள். அதுதான் தணிகைக்குப் பொறுக்கவில்லை.

“எழுந்து போகச் சொல்லு அதை!”

“நீங்களே சொல்லிப் பாருங்க.”

அவன் அந்த நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்து, காப்பியை ஒரே மடக்கில் குடித்தான். இருக்கை வெதுவெதுப்பாக இருந்தது. எழப் பார்த்தான், முழங்கால் நடுங்கியது.

வளர்மதி அந்த மாசமே கோவைக்கு வேலைக்குப் போனாள். விவாகரத்து வாங்கி, கூட வேலை செய்பவரையே கட்டிக்கொண்டாளாம். தணிகையை வீட்டைக் காலி செய்யச் சொல்லி வீட்டுக்காரர் மூன்று தடவை வந்துவிட்டார்.

“வந்தவங்க இன்னும் கிளம்பலையே,” என்று கதவிடுக்கு வழியாகக் கிசுகிசுக்கிறானாம்.