எட்டுத் துண்டு

"கத்தியை ஸ்பிரிட்ல துடைச்சியாம்மா?"

"துடைச்சுட்டேன் மாமா."

மேசையில் ஒரேயொரு பூக்கிழங்கு இருந்தது. இறந்துபோன மகள் நட்டதென்று மாமியார் அதை உயிராக வைத்திருந்தாள். இதய ஆபரேஷனுக்குப் போனபோது மருமகளிடம் ஒப்படைத்தாள். நாளை வீடு திரும்புகிறாள்.

"ஒண்ணை வெச்சுக்கிட்டு எத்தனை நாள் பயப்படுறது? எட்டாகட்டும். ஒவ்வொரு துண்டுலயும் வேர் விடுற அடித்தட்டு கொஞ்சம் ஒட்டியிருக்கணும், இல்லேன்னா துளிர்க்காது."

மாமனார் கிழங்கையே உற்றுப் பார்த்தார். மருமகள் கத்தியைப் பிடித்தபடியே நின்றாள்.

"ஏன் தயங்குற?"

"ஒண்ணுமில்ல மாமா."

எட்டாக வெட்டி முடித்தாள். அவர் ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"இது என் பொண்ணு வெச்ச கிழங்கு இல்ல," என்றார்.

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். "தண்ணி அதிகமா ஊத்திட்டேன் மாமா. அழுகிப்போச்சு. பயந்துபோய் நர்சரியில வேற வாங்கி வெச்சேன்."

"நீ வாங்கிட்டு வந்த அன்னைக்கே தெரியும்."

"அப்புறம் ஏன் வெட்டச் சொன்னீங்க?"

அவர் துண்டுகளை ஈரமான தேங்காய் நார்த்தூளில் ஒவ்வொன்றாகப் புதைத்துக்கொண்டே சொன்னார்.

"முழுசா இருந்தா அடுத்த மாசமே பூத்துடும். வேற நிறத்துல பூத்தா உங்க அத்தை தாங்கமாட்டா. துண்டுலேர்ந்து வளர்ந்தா பூக்க மூணு வருஷம் ஆகும். அதுக்குள்ள அவ உடம்பு தேறட்டும். நான்தான் அழுக விட்டேன்னு அப்புறமா சொல்லிக்கிறேன்."