மூன்று கட்டி மெழுகு

நாரின் மலையில் முதல் பனி விழுந்த காலை. ஜன்னல் வெளிச்சத்தில் கனிஷாய் கைக்களிம்பு காய்ச்சுகிறாள். செம்மறியின் கொழுத்த வாலிலிருந்து எடுத்த கொழுப்பும் தேன்மெழுகும் உருகி மணக்கின்றன. குளிர்ந்த தட்டில் விட்ட ஒரு சொட்டு இறுகியதும், நாத்தனார் புருல்சா நகத்தால் கீறிப் பார்க்கிறாள்.

"என்ன அண்ணி, கல்லு மாதிரி இருக்கு! குதிரைக்கு லாடம் அடிக்கவா?"

"எப்பவும் போடுற மூணு கட்டி மெழுகுதானே போட்டேன்."

"அது அண்ணன் மேய்ச்சலுக்குக் கொண்டு போறப்ப சட்டைப் பையில உருகாம இருக்கணும்னு..." புருல்சா நிறுத்திக்கொள்கிறாள். மந்தையை ஆறு கடத்தும்போது வெள்ளத்தில் போன கனிஷாயின் கணவனைக் கோடையில்தான் அடக்கம் செய்தார்கள். கனிஷாய் கரண்டி கரண்டியாக எண்ணெய் ஊற்றிக் கிண்டுகிறாள். அடுத்த சொட்டு விரலில் வெண்ணெயாய்க் குழைகிறது.

"இப்ப சரி அண்ணி. பிள்ளைங்களுக்கும் பூசலாம்."

கனிஷாய் தலையாட்டுகிறாள். தட்டைக் கழுவ எடுத்தவள், நகக்கீறல் விழுந்த அந்த முதல் சொட்டைப் பெயர்த்துத் தன் அங்கிப் பைக்குள் போட்டுக்கொள்கிறாள்.